சர்ரா நோய்: கடிக்கும் ஈக்கள் பரப்பும் ஒட்டுண்ணி, மாடு, எருமை வளர்ப்போர் அறிய வேண்டியவை

மழைக்காலத்தில் ஈக்கள் பெருகும்போது மாடு, எருமை, குதிரை, ஒட்டகம், நாய் எனப் பல விலங்குகளைத் தாக்கும் சர்ரா நோய், மருந்தால் குணப்படுத்தக்கூடியது. எனினும், உரிய காலத்தில் கண்டறியப்படாததால் ஆண்டுதோறும் ஏராளமான கால்நடைகள் இந்நோய்க்கு இரையாகின்றன. ரத்தத்தில் தோன்றியும் மறைந்தும் வாழும் ஒட்டுண்ணியே இதற்குக் காரணம். காய்ச்சல் தணிந்த நாளில் ரத்தப் பரிசோதனை செய்தால், நோயுற்ற மாடும் நலமாக இருப்பதாகவே முடிவு வரக்கூடும்.

இந்தியாவில் சர்ரா நோயால் கால்நடை உற்பத்தியில் ஆண்டுக்கு ரூ.4,400 கோடிக்கும் அதிகமான இழப்பு ஏற்படுவதாக 2017-ஆம் ஆண்டில் வெளியான ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. பால் குறைவு, கருச்சிதைவு, உழைப்புத் திறன் இழப்பு, இறப்பு ஆகிய அனைத்தும் இந்த இழப்பில் அடங்கும்.

சர்ரா என்பது என்ன?

'டிரிபனோசோமா இவான்சி' எனும் ஒரு செல் ஒட்டுண்ணியால் உண்டாகும் நோயே சர்ரா. சர்ரா என்ற சொல்லுக்கு 'அழுகிய' என்று பொருள் கூறப்படுகிறது. நோயுற்ற விலங்கு நாளுக்கு நாள் மெலிந்து உருக்குலைவதால் இப்பெயர் வழங்கப்பட்டிருக்கலாம். ராஜஸ்தான் பகுதியில் ஒட்டகங்களுக்கு வரும் நீடித்த சர்ராவை 'திபர்சா' என்பர். மூன்று ஆண்டுகள் நீடிக்கும் நோய் என்பது அதன் பொருள்.

இந்த ஒட்டுண்ணி சுமார் 24 மைக்ரோமீட்டர் நீளம் கொண்டது. அதாவது, ஒரு மில்லிமீட்டரில் நாற்பதில் ஒரு பங்கு. உடலின் ஓரத்தில் அலைபோல் மடிந்த சவ்வும், சாட்டை போன்ற இழையும் உண்டு. நுண்ணோக்கியில் புதிய ரத்தத் துளியைப் பார்க்கும்போது, சிவப்பணுக்களை இடித்துத் தள்ளியபடி துள்ளி நெளியும் உயிரியாக இது தென்படும். சிவப்பணுக்களுக்குள் நுழையாமல், ரத்த நீர்மத்திலும் திசுக்களின் இடைவெளிகளிலும் இது வாழ்கிறது.

உலக கால்நடை நல அமைப்பு பட்டியலிட்டுள்ள நோய்களில் சர்ராவும் ஒன்று.

1880-இல் கண்டறியப்பட்ட வரலாறு

விலங்குகளுக்கு நோய் உண்டாக்கும் டிரிபனோசோமா வகை ஒட்டுண்ணி உலகிலேயே முதன்முதலாகக் கண்டறியப்பட்டது ஒன்றுபட்ட இந்தியாவில்தான். பிரிட்டிஷ் ராணுவக் கால்நடை மருத்துவரான கிரிஃபித் இவான்ஸ், 1880-ஆம் ஆண்டில் பஞ்சாபின் தேரா இஸ்மாயில் கான் பகுதியில் குதிரைகளும் ஒட்டகங்களும் மடிந்துவந்த நோய் குறித்து ஆராய்ந்தார். அப்பகுதி தற்போது பாகிஸ்தானில் உள்ளது.

நோயுற்ற விலங்குகளின் ரத்தத்தில் நெளியும் நுண்ணுயிரிகளை இவான்ஸ் கண்டார். அந்த ரத்தத்தை நலமான விலங்குகளுக்குச் செலுத்தியபோது அவையும் நோயுற்றன. ரத்தத்தில் காணப்படும் நுண்ணுயிரிதான் நோய்க்குக் காரணம் என்ற அவரது முடிவை அன்றைய மேலதிகாரிகள் எளிதில் ஏற்கவில்லை. எனினும், பின்னாளில் அந்த ஒட்டுண்ணிக்கு அவர் பெயரே நிலைத்தது. வேல்ஸ் நாட்டில் 1835-இல் பிறந்த இவான்ஸ், தமது நூறாவது வயதில் 1935-இல் காலமானார்.

ஆப்பிரிக்காவில் மாடுகளைத் தாக்கும் 'நாகானா' நோயின் ஒட்டுண்ணியை டேவிட் புரூஸ் கண்டறிந்தது, இவான்ஸின் கண்டுபிடிப்புக்குச் சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின்னரே. மனிதர்களைத் தாக்கும் ஆப்பிரிக்கத் தூக்க நோயின் காரணம் அதற்கும் பிறகே தெரியவந்தது. சர்ராவை ஈக்கள் பரப்புவதை, இந்தியாவில் பணியாற்றிய லியோனார்ட் ரோஜர்ஸ் சோதனைகள் வாயிலாக நிறுவி 1901-இல் வெளியிட்டார்.

ஈக்கள் நோயைப் பரப்பும் விதம்

ஆப்பிரிக்கத் தூக்க நோயின் ஒட்டுண்ணி 'செட்சி' ஈயின் உடலுக்குள் வளர்ந்து பெருகிய பின்னரே அடுத்த உயிரைத் தொற்றுகிறது. ஆகவே, செட்சி ஈ இல்லாத நிலப்பகுதிகளில் அந்நோய் இல்லை. சர்ரா ஒட்டுண்ணியும் அதே குடும்பத்தில் இருந்து பிரிந்ததே. ஆனால், ஈயின் உடலுக்குள் வளர்வதற்குத் தேவையான மரபணுக் கூறுகளைப் பரிணாமத்தின் போக்கில் இழந்துவிட்டது. அந்த இழப்பே அதற்குச் சாதகமாக அமைந்தது. செட்சி ஈயைச் சார்ந்திராததால், கடிக்கும் ஈக்கள் உள்ள எந்த நாட்டிலும் பரவும் வல்லமையைப் பெற்றது.

குதிரை ஈ, மாட்டு ஈ என்றெல்லாம் அழைக்கப்படும் 'டபானிட்' வகைப் பெரிய ஈக்களே முதன்மைப் பரப்பிகள். தொழுவங்களில் வீட்டு ஈயைப் போன்ற தோற்றத்துடன் காணப்படும் 'ஸ்டோமாக்சிஸ்' எனும் கடிக்கும் ஈயும் இந்நோயைப் பரப்பக்கூடியது. சாதாரண வீட்டு ஈ தோலைத் துளைத்து ரத்தம் உறிஞ்சாது என்பதால், பரவலில் அதற்குக் குறிப்பிடத்தக்க பங்கில்லை.

டபானிட் ஈக்களில் பெண் ஈ மட்டுமே ரத்தம் உறிஞ்சும். கத்தி போன்ற வாயுறுப்பால் தோலைக் கிழிப்பதால் கடி மிகுந்த வலி தரும். வலி தாங்காத மாடு வாலை வீசியும் தோலைச் சிலிர்த்தும் ஈயை விரட்டும். பாதியில் விரட்டப்பட்ட ஈ, பசி தீராமல் அருகில் நிற்கும் மற்றொரு மாட்டின் மீது அமர்ந்து கடிக்கும். அதன் வாயுறுப்பில் ஒட்டியிருக்கும் சிறிதளவு ரத்தத்துடன் ஒட்டுண்ணியும் அந்த மாட்டின் உடலில் புகுந்துவிடும்.

ஈயின் வாயில் இந்த ஒட்டுண்ணி நெடுநேரம் உயிர்வாழாது. ஆகவே, அடுத்தடுத்து நெருக்கமாகக் கட்டப்பட்டுள்ள விலங்குகளுக்கு இடையிலேயே நோய் எளிதில் பரவுகிறது. நோயுற்ற விலங்கைத் தனியே, தொலைவில் கட்ட வேண்டும் என்ற அறிவுரையின் அடிப்படை இதுவே.

மழைக்காலமும் அதைத் தொடர்ந்த மாதங்களும் நோய்ப் பரவலுக்கு உகந்தவை. டபானிட் ஈக்கள் நீர்நிலைகளை ஒட்டிய செடிகளில் முட்டையிடும்; அவற்றின் புழுக்கள் ஈர மண்ணில் வளரும். வயல், வாய்க்கால், குளக்கரை ஆகியவற்றை ஒட்டிய மேய்ச்சல் நிலங்களில் இந்த ஈக்களின் தொல்லை மிகுதியாக இருப்பது இதனால்தான்.

ஈக்கள் மட்டுமே பரப்பிகள் அல்ல. ஒரே ஊசியைப் பல மாடுகளுக்குப் பயன்படுத்துவதாலும் நோய் தொற்றும். நோயுற்ற விலங்கின் புதிய பச்சை இறைச்சியை உண்ணும் நாய், புலி போன்ற விலங்குகளுக்கும் வாய்ப்புண்கள் வழியாக ஒட்டுண்ணி பரவக்கூடும்.

ரத்தத்தில் மறையும் தந்திரம்

சர்ரா ஒட்டுண்ணியின் மேற்பரப்பு முழுவதும் ஒருவகைப் புரத உறையால் மூடப்பட்டுள்ளது. விலங்கின் நோய் எதிர்ப்பு ஆற்றல் அந்த உறையை அடையாளம் கண்டு ஒட்டுண்ணிகளை அழிக்கத் தொடங்கும்போது, அவற்றில் சில வேறு உறைக்கு மாறிவிடும். புதிய உறையை உடல் அறிந்துகொள்வதற்குள் அவை மீண்டும் பல்கிப் பெருகும். இவ்வாறு மாற்றிக்கொள்வதற்கு நூற்றுக்கணக்கான உறைகளுக்கான மரபணுக்கள் அதனிடம் உள்ளன.

ஒட்டுண்ணிகள் பெருகும்போது காய்ச்சல் ஏறுகிறது, அழியும்போது தணிகிறது. சில நாள்கள் இடைவெளியில் மீண்டும் ஏறுகிறது. 'காய்ச்சல் விட்டுவிட்டது' என்று வளர்ப்பவர் நிம்மதி அடையும் வேளையில், அடுத்த தலைமுறை ஒட்டுண்ணிகள் உருவாகிக்கொண்டிருக்கும். சர்ராவுக்கு இதுவரை தடுப்பூசி உருவாகாததற்கும் இந்த உறை மாற்றமே முதன்மைக் காரணம்.

அறிகுறிகள் யாவை?

நலமான மாட்டின் உடல் வெப்பநிலை சுமார் 101 முதல் 102 டிகிரி ஃபாரன்ஹீட் வரை இருக்கும். சர்ரா தாக்கிய மாட்டுக்கு விட்டுவிட்டுக் கடும் காய்ச்சல் வரும். தீவனம் எடுப்பதும் அசைபோடுவதும் குறையும். பால் திடீரெனக் குறையும். ரத்தச்சோகையால் கண்ணின் உட்பகுதியும் ஈறுகளும் வெளிறும். கால்கள், அடிவயிறு, அலைதாடி ஆகிய இடங்களில் நீர் கோத்து வீக்கம் தோன்றும். தீனி எடுக்கும் மாடும் தொடர்ந்து மெலிந்துவரும். சினை மாடுகளில் கருச்சிதைவு ஏற்படக்கூடும்.

சில விலங்குகளில் ஒட்டுண்ணி மூளையைப் பாதிக்கும். அப்போது ஒரே இடத்தில் வட்டமிடுதல், சுவரில் தலையை முட்டுதல், தள்ளாடுதல், வலிப்பு ஆகியவை காணப்படும். வெறிநோய் என்று தவறாகக் கருதப்படும் அளவுக்கு இந்த அறிகுறிகள் கடுமையாக இருக்கக்கூடும்.

குதிரைகளுக்கும் நாய்களுக்கும் இந்நோய் மிகவும் கொடியது. சிகிச்சை இல்லாவிடில் பெரும்பாலும் இறப்பில் முடியும். நாய்களில் முகம் வீங்குவதும், கருவிழி வெண்மை படர்ந்து மங்குவதும் குறிப்பிடத்தக்க அறிகுறிகள். ஒட்டகங்களில் மாதக்கணக்கில், சில வேளைகளில் ஆண்டுக்கணக்கில் நீடித்து உடலை உருக்கும்.

எருமைகளிலும் மாடுகளிலும் நோயின் போக்கு வேறு. அவற்றில் பல, வெளியே எந்த அறிகுறியும் இன்றி ஒட்டுண்ணியைச் சுமந்திருக்கும். கடும் வெயில், நெடுந்தூரப் பயணம், கன்று ஈனுதல், தீவனப் பற்றாக்குறை, வேறொரு நோய் என ஏதேனும் ஒன்றால் உடல் தளரும்போது மறைந்திருந்த நோய் வெளிப்படும். அதுவரை, அருகில் கட்டப்பட்டுள்ள பிற விலங்குகளுக்கு அவையே நோயின் ஊற்றாக விளங்கும்.

பரிசோதனையில் கவனிக்க வேண்டியவை

விட்டுவிட்டு வரும் காய்ச்சலும் ரத்தச்சோகையும் உண்ணிகள் பரப்பும் தெய்லேரியா, பேபேசியா, அனாபிளாஸ்மா ஆகிய நோய்களிலும் காணப்படும். ஒன்றுக்குரிய மருந்து மற்றொன்றுக்குப் பயன்படாமல் போகக்கூடும் என்பதால், அறிகுறியை மட்டும் கொண்டு சிகிச்சை தொடங்குவது காலத்தையும் பணத்தையும் வீணாக்கலாம்.

காய்ச்சல் உச்சத்தில் இருக்கும்போது காது நரம்பில் இருந்து ரத்தம் எடுத்துச் சோதிப்பதே எளிய முறை. அந்த வேளையில் ஒரு துளி ரத்தத்தை நுண்ணோக்கியில் பார்த்தாலே ஒட்டுண்ணி தென்பட வாய்ப்பு அதிகம். கண்ணாடித் தகட்டில் ரத்தம் தடவி, சாயமேற்றிப் பார்ப்பதும் வழக்கம். ரத்தத்தில் ஒட்டுண்ணி குறைவாக இருந்தால், நுண்குழாயில் ரத்தத்தைச் சுழற்றிப் பிரித்து, வெள்ளணுப் படலத்தின் அருகே தேடும் முறை உதவும்.

அறிகுறி இல்லாத விலங்குகளில் நோயைக் கண்டறிய எலைசா, அட்டை வடிவ ரத்தத்திரட்டுச் சோதனை, பிசிஆர் ஆகியவை பயன்படுகின்றன. முதல் இரண்டும் நோய் எதிர்ப்புப் பொருளைக் கண்டறிபவை. நோய் குணமான பின்னரும் சில காலம் 'தொற்று உண்டு' என்றே காட்டக்கூடும். பிசிஆர், ஒட்டுண்ணியின் மரபணுவையே நேரடியாகத் தேடுகிறது.

ஒருமுறை எடுத்த ரத்தத்தில் ஒட்டுண்ணி இல்லை என்பதால் சர்ரா இல்லை என்று முடிவு செய்துவிட முடியாது. மாட்டுக்கு மீண்டும் காய்ச்சல் வந்தால், அந்த நாளிலேயே மறுபடியும் ரத்தம் எடுத்துச் சோதிக்க வேண்டும்.

சிகிச்சை உண்டு, அரைகுறை மருந்து ஆபத்து

மாடு, எருமைகளுக்கு டிமினசீன் அசிடுரேட், ஐசோமெடமிடியம் குளோரைடு ஆகிய மருந்துகளும், குதிரை, ஒட்டகங்களுக்கு குயினாபிரமின் மருந்தும் பரவலாகப் பயன்படுகின்றன. பழைய மருந்தான சுராமினும் இந்த வரிசையில் அடங்கும்.

எந்த விலங்குக்கு எந்த மருந்து, எவ்வளவு என்பதைக் கால்நடை மருத்துவரே முடிவு செய்ய வேண்டும். மாட்டுக்குப் பாதுகாப்பான டிமினசீன், குதிரை, ஒட்டகம், நாய் ஆகியவற்றுக்கு நச்சுத்தன்மை உண்டாக்கக்கூடும். உடல் எடையை மிகக் குறைவாக மதிப்பிட்டு அளவு குறைத்துச் செலுத்தினால், ஒட்டுண்ணி முழுமையாக அழியாமல் மருந்துக்கு எதிர்ப்புத் திறனையும் வளர்த்துக்கொள்ளும்.

மூளையை எட்டிய ஒட்டுண்ணியை அழிப்பது கடினம். பெரும்பாலான மருந்துகள் ரத்தத்தில் இருந்து மூளைக்குள் போதிய அளவு செல்வதில்லை. அங்கே தப்பிய ஒட்டுண்ணிகள் மீண்டும் ரத்தத்துக்குத் திரும்பி நோயைப் புதுப்பிக்கக்கூடும். தொடக்கத்திலேயே சிகிச்சை அளிப்பதற்கும் தாமதமாக அளிப்பதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே.

சிகிச்சைக் காலத்தில் எத்தனை நாள் பாலைப் பயன்படுத்தக் கூடாது என்பதையும் மருத்துவரிடம் கேட்டறிவது அவசியம்.

நந்தன்கானன் புலிகள் இறப்பு

நாட்டின் கவனத்தை சர்ராவின் பக்கம் திருப்பிய நிகழ்வு, ஒடிசா தலைநகர் புவனேஸ்வரத்தில் உள்ள நந்தன்கானன் உயிரியல் பூங்காவில் நிகழ்ந்தது. 2000-ஆம் ஆண்டு ஜூலை மாதத்தில் அங்கு பத்துக்கும் மேற்பட்ட புலிகள் அடுத்தடுத்து உயிரிழந்தன. அவற்றில் பெரும்பாலானவை வெள்ளைப்புலிகள். டிரிபனோசோமா தொற்றே காரணம் எனக் கண்டறியப்பட்டது. கூண்டுகளில் வளரும் விலங்குகளை ஈக்களில் இருந்து காப்பதும், உணவாக அளிக்கப்படும் இறைச்சியின் தரத்தைச் சோதிப்பதும் உயிரியல் பூங்காக்களில் எவ்வளவு இன்றியமையாதவை என்பதை அந்த இறப்புகள் உணர்த்தின.

எல்லை கடந்து செல்லும் நோய்

சர்ராவின் உலகப் பரவலுக்குக் கால்நடைப் போக்குவரத்தே பெரும் காரணம். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவில் இருந்து கப்பலில் சென்ற மாடுகள் வழியாக மொரீஷியஸ் தீவை எட்டிய இந்நோய், அங்கு பெரும் கால்நடை இழப்பை உண்டாக்கியது. 2006-ஆம் ஆண்டில் பிரான்ஸில், கேனரி தீவுகளில் இருந்து வாங்கப்பட்ட ஒட்டகங்கள் வழியாகப் பண்ணை ஒன்றில் சர்ரா தோன்றியது.

தமிழகத்துக்கும் கேரளத்துக்கும் இது பொருந்தும். கேரளத்துக்கான மாடுகளும் எருமைகளும் பெருமளவில் தமிழகம் உள்ளிட்ட அண்டை மாநிலங்களில் இருந்தே செல்கின்றன. பாறசாலை, ஆரியங்காவு, வாளையார் போன்ற எல்லைகளில் கால்நடைச் சோதனைச் சாவடிகள் செயல்படுகின்றன. ஆனால், அறிகுறியின்றி ஒட்டுண்ணியைச் சுமக்கும் எருமையைக் கண்ணால் பார்த்து மட்டும் அடையாளம் காண இயலாது. நெடுந்தூரப் பயணத்தின் களைப்பே மறைந்திருக்கும் நோயைக் கிளப்பிவிடக்கூடும் என்பதால், சந்தையில் வாங்கிய மாட்டைச் சில வாரங்கள் தனியே கட்டி, ரத்தம் சோதித்த பின்னரே பிற மாடுகளுடன் சேர்ப்பது நல்லது.

திருவனந்தபுரம் மாவட்டம் பாலோட்டில் கேரள அரசின் கால்நடை நோய் ஆய்வு நிறுவனம் இயங்கிவருகிறது. பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை நோய்ப் பரவலியல் மற்றும் நோய்த் தகவலியல் நிறுவனம், மாவட்ட வாரியாக வெளியிடும் மாதாந்திர நோய் முன்னறிவிப்பில் டிரிபனோசோமா தொற்றும் இடம்பெறுகிறது. ஹரியாணாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம், சர்ரா பரிசோதனை முறைகள் தொடர்பான ஆய்வுகளை மேற்கொண்டுவருகிறது.

நகரவாசிகளுக்கு என்ன தொடர்பு?

திருவனந்தபுரத்தில் சாலை சந்தையை ஒட்டிய ஆரியசாலை போன்ற நெருக்கமான பகுதிகளில் வசிப்போருக்கு, சர்ரா கிராமத்துத் தொழுவங்களின் சிக்கலாக மட்டும் தோன்றலாம். ஆனால், வீட்டில் நாய் வளர்ப்போர் அனைவருக்கும் இது தொடர்புடையது. இறைச்சிக் கழிவைப் பச்சையாக நாய்க்கு இடுவதைத் தவிர்க்க வேண்டும். நன்கு வேகவைத்த இறைச்சியில் இந்த ஒட்டுண்ணி உயிர்வாழாது. நாய்க்கு விட்டுவிட்டுக் காய்ச்சல், முகவீக்கம், கண் மங்குதல் ஆகியவை இருந்தால், கண் சொட்டு மருந்துடன் நின்றுவிடாமல் ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

பாலைக் காய்ச்சியும் இறைச்சியை நன்கு வேகவைத்தும் உண்பவர்கள் சர்ரா குறித்து அஞ்சத் தேவையில்லை.

மனிதர்களைத் தாக்குமா?

மனித ரத்தத்தில் உள்ள 'ஏபிஓஎல்-1' எனும் புரதம் சர்ரா ஒட்டுண்ணியை அழித்துவிடும். எனவே, மனிதர்களுக்கு இந்நோய் வருவது மிக மிக அரிது.

எனினும், மகாராஷ்டிர மாநிலம் சந்திரபூர் மாவட்டத்தைச் சேர்ந்த விவசாயி ஒருவரின் ரத்தத்தில் 2004-ஆம் ஆண்டில் இந்த ஒட்டுண்ணி கண்டறியப்பட்டது. அவருக்கு விட்டுவிட்டுக் காய்ச்சல் இருந்தது. சுராமின் மருந்தால் அவர் குணமடைந்தார். மரபணுக் குறைபாட்டால் அவரது ரத்தத்தில் ஏபிஓஎல்-1 புரதம் இல்லை என்பது 2006-இல் வெளியான ஆய்வில் தெரியவந்தது. அவரது கிராமத்தில் 1,800-க்கும் மேற்பட்டோரிடம் நடத்தப்பட்ட பரிசோதனையில், வேறு எவரது ரத்தத்திலும் ஒட்டுண்ணி காணப்படவில்லை.

2015-இல் வியட்நாமில் பெண் ஒருவருக்கு இந்தத் தொற்று ஏற்பட்டது. அவரது ரத்தத்தில் ஏபிஓஎல்-1 புரதம் இயல்பாகவே இருந்தது. ஆகவே, நோயுற்ற மாட்டின் ரத்தத்தைக் கையாளும்போதும், பச்சை இறைச்சியை வெட்டும்போதும், கையில் காயம் உள்ளோர் கையுறை அணிவது பாதுகாப்பானது.

தடுப்பு வழிமுறைகள்

தடுப்பூசி இல்லாத நிலையில், ஈக்களைக் கட்டுப்படுத்துவதும் நோயுற்ற விலங்கை விரைந்து கண்டறிவதுமே தடுப்பின் இரு தூண்கள்.

* தொழுவத்தில் சாணமும் சிறுநீரும் தேங்காமல் நாள்தோறும் அகற்ற வேண்டும். அழுகிய வைக்கோலும் ஈரச் சாணமும் தொழுவ ஈக்கள் பெருகும் இடங்கள்.

* ஈக்கள் மிகுந்த பகல் வேளைகளில் நீர்நிலைக் கரையோர மேய்ச்சலைத் தவிர்க்கலாம். தொழுவத்துக்கு வலை அடிப்பது சிறந்த பாதுகாப்பு. வேப்பிலை, நொச்சி இலைப் புகைமூட்டம் தற்காலிக நிவாரணம் தரும்.

* நீலமும் கறுப்புமான துணிகளால் அமைக்கப்படும் ஈப் பொறிகள் டபானிட் ஈக்களைக் கவர்ந்து பிடிக்கும். தோலில் தடவும் ஈ விரட்டிகளை மருத்துவரின் அறிவுரைப்படியே பயன்படுத்த வேண்டும்.

* நோய் உறுதியான விலங்கைத் தொலைவில் தனியே கட்ட வேண்டும். ஒரே தொழுவத்தில் உள்ள பிற விலங்குகளுக்கும், குறிப்பாக நலமாகத் தோன்றும் எருமைகளுக்கும், ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்.

* ஒவ்வொரு விலங்குக்கும் புதிய ஊசியைப் பயன்படுத்துமாறு வலியுறுத்த வேண்டும்.

* இறந்த விலங்கின் உடலை நாய்கள் தின்ன விடாமல் ஆழக் குழிதோண்டிப் புதைக்க வேண்டும்.

மாட்டின் காய்ச்சல் ஒருமுறை தணிந்து மீண்டும் வந்தாலோ, காரணமின்றிப் பால் குறைந்து உடல் மெலிந்தாலோ, அருகில் உள்ள கால்நடை மருந்தகத்தை அணுகலாம். நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியின் சேவைக்கு 1962 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைக்கலாம். காய்ச்சல் இருக்கும் வேளையிலேயே அழைப்பதும், வெப்பநிலையையும் காய்ச்சல் வந்த நாள்களையும் குறித்துவைத்து மருத்துவரிடம் தெரிவிப்பதும் நோயை உறுதி செய்யப் பெரிதும் உதவும்.